கவிஞன் வளர்ந்த வீடு

இன்றைய புதுக்கவிஞர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் வயதை ஒத்த நண்பர்கள் ஒரு தீர்ப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "இந்தத் தலைமுறைக்குத் தமிழ் தெரியாது ஐயா!" என்பது அந்தத் தீர்ப்பு. இளைஞர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. "உங்கள் தலைமுறைக்கு எங்கள் கவிதை புரியாது சார்" என்று ஒரே வரியில் அவர்களும் கணக்கைத் தீர்த்துவிடுகிறார்கள். இரு தரப்பாரும் நம்பியிருப்பது ஒரே சொல்லைத்தான். தலைமுறை என்ற அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், பிறகு கவிதையைப் படித்துப் பார்க்க வேண்டிய சிரமம் யாருக்கும் இல்லை.

நான் நாவல் எழுதுகிறவன். கவிதையைப் பற்றிப் பேச உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். ஒரு பாத்திரத்தை உருவாக்கும்போது அவன் எந்த ஆண்டில் பிறந்தான் என்பதை நான் முதலில் யோசிப்பதில்லை. அவன் எந்த மாதிரி வீட்டில் வளர்ந்தான், காலையில் எந்தச் சத்தம் கேட்டுக் கண் விழித்தான், அந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழும், விருந்தாளி வந்தால் யார் பேசுவார்கள், யார் உள்ளே போய்விடுவார்கள் என்பவற்றைத்தான் யோசிக்கிறேன். இவை தெரிந்துவிட்டால் அவன் எப்படிப் பேசுவான் என்பது தானே தெரிந்துவிடும். பாத்திரத்துக்குப் பொருந்துவது கவிஞனுக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். கவிஞன் எதை எதிர்த்துக் குரல் எழுப்புகிறான் என்பதற்கு அவன் தலைமுறை காரணமாக இருக்கலாம். அந்தக் குரலின் தொனி, அது எந்தச் சொல்லில் அழுத்தி எந்தச் சொல்லில் தழைகிறது என்பதெல்லாம் அவன் வளர்ந்த வீட்டிலிருந்து வருகின்றன. நம் விமர்சகர்கள் முன்னதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பின்னதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை.

புதுக்கவிதையின் ஆரம்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ந. பிச்சமூர்த்தி 1900இல் கும்பகோணத்தில் பிறந்தவர். 1934இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த அவருடைய 'காதல்' என்ற கவிதையிலிருந்துதான் தமிழில் புதுக்கவிதையின் கணக்கு தொடங்குகிறது. பாரதியின் வசன கவிதையும் வால்ட் விட்மனும் தமக்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதோடு நிறுத்திக்கொண்டால் அது தலைமுறையின் கதைதான். ஆங்கிலம் படித்த வக்கீல் ஒருவர் அமெரிக்கக் கவிஞரைப் படித்தார், தமிழிலும் அதுபோல் எழுதினார் என்று முடிந்துவிடும். ஆனால் அவருடைய தகப்பனார் கதாகாலட்சேபம் செய்தவர், வைத்தியமும் தெரிந்தவர். காலட்சேபக்காரர் என்ன செய்கிறார்? பாட்டைப் பாடுகிறார், சட்டென்று வசனத்துக்கு இறங்குகிறார், நடுவில் ஒரு சின்னக் கதை சொல்கிறார், மறுபடியும் பாட்டுக்குப் போகிறார். பாட்டுக்கும் வசனத்துக்கும் நடுவே வேலி இல்லாத ஒரு கலையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, யாப்பை விட்டு இறங்கி வருவது எவ்வளவு இயல்பாக இருந்திருக்கும்! விட்மன் வந்து கதவைத் தட்டியிருக்கலாம். கதவு ஏற்கெனவே தாழிடாமல்தான் இருந்தது.

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். 1962இல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுதியைக் கொண்டுவந்தார். 24 பேருடைய 63 கவிதைகள் அதில் இருந்தன. அடுத்த பத்தாண்டு முடியும் முன்பே கோவையில் 1971இல் 'வானம்பாடி' தோன்றியது. இந்த இரண்டு கூட்டத்தாரையும் தமிழ் வாசகர்கள் எதிர் எதிரே நிறுத்தித்தான் பார்த்திருக்கிறார்கள். ஒன்று தனிமனிதனின் மனசைப் பேசியது, மற்றது சமுதாயத்தைப் பேசியது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவர்கள் எங்கே உட்கார்ந்து தமிழ் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகுலனும் சி. மணியும் ஆங்கில இலக்கியம் போதித்தவர்கள். தனி அறையில், மௌனமாக, கண்ணால் கவிதை படித்துப் பழகியவர்கள். வானம்பாடிக் கவிஞர்களில் சிற்பி, புவியரசு, மு. மேத்தா போன்ற பலர் தமிழாசிரியர்கள். திராவிட இயக்கத்தின் பொதுக்கூட்டங்கள் ஊருக்கு ஊர் நடந்த காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் காதால் கவிதை கேட்டவர்கள். கவியரங்கத்தில் ஒரு வரியைச் சொன்னால் கூட்டம் "மறுபடியும்!" என்று கேட்கும், கவிஞர் மறுபடியும் சொல்வார். அப்படி இரண்டாம் தடவை சொல்லத் தாங்கும்படி வரி அமைய வேண்டும். அறையில் படிக்கும் கவிதைக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஏறத்தாழ ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இரண்டு விதமாக எழுதியதற்குக் கொள்கையோடு இதுவும் ஒரு காரணம்.

"தமிழ் தெரியாது" என்ற தீர்ப்பைச் சொல்கிற நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஞானக்கூத்தனை நினைவூட்ட விரும்புகிறேன். 1938இல் மாயூரத்தை அடுத்த திருஇந்தளூரில் பிறந்தவர். வீட்டு மொழி கன்னடம். பழைய யாப்பை நன்றாகக் கற்றவர். புதுக்கவிதையிலும் அந்தச் சந்தத்தின் தட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டின் மேல் ஏறி அவருடைய கேலி சவாரி செய்யும். தமிழை வீட்டுக்கு வெளியே கேட்டுக் கற்றவனுக்கு அதன் ஓசை கொஞ்சம் கூடுதலாகவே காதில் விழும் போலிருக்கிறது. வீட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிப் போய்விடுகிறது.

தலைமுறையையும் வளர்ப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். இரண்டும் பாலும் நீரும்போல் கலந்துதானே இருக்கின்றன? ஆனாலும் இலக்கிய வரலாறு சில சமயம் நமக்கு வசதியான உதாரணங்களைத் தந்துவிடுகிறது. ஈழத்தில் அளவெட்டி என்ற ஊர். மஹாகவி என்ற புனைபெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி அங்கே 1927இல் பிறந்தார். யாப்பை அவர் விடவில்லை. யாப்புக்குள்ளேயே யாழ்ப்பாணத்துச் சாதாரண மனிதர்களின் பேச்சைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். 'குறும்பா' என்ற பெயரில் சின்னச் சின்ன வேடிக்கைப் பாட்டுகளும் எழுதினார். 1971இல் அவர் மறைந்தபோது மகன் சேரனுக்குச் சுமார் 11 வயது. அதே ஊர், அதே வீடு. அந்த வீட்டுத் தமிழ்தான் அந்தப் பையனின் காதில் முதலில் விழுந்த தமிழ்.

ஆனால் சேரன் வாலிபனாக நின்றபோது ஊர் வேறாகிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 90,000க்கும் மேற்பட்ட புத்தகங்களோடு எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அந்த 1983இல்தான் அவருடைய 'இரண்டாவது சூரிய உதயம்' தொகுதி வந்தது. தகப்பனாருக்கு இருந்த யாப்பு மகனிடம் இல்லை, வேடிக்கையும் இல்லை. எரிகிற ஊரில் நின்றுகொண்டு குறும்பா எழுத யாருக்கு மனசு வரும்? அதைத் தலைமுறை பறித்துக்கொண்டது. ஆனால் ஒன்றைப் பறிக்கவில்லை. உரக்கக் கத்த வேண்டிய இடத்தில்கூட சேரனின் கவிதை பக்கத்தில் நிற்கிறவரோடு பேசுவதுபோல் பேசுகிறது. பேச்சின் நடையை நம்புகிற அந்தக் குணம் தகப்பனாருடைய வீட்டுச் சொத்து என்றே நான் நினைக்கிறேன். யாப்பு உடைந்தது, பேச்சு மிஞ்சியது.

நெல்லையில் இன்னொரு வீடு. தி. க. சிவசங்கரன் மார்க்சிய விமர்சகர். 'தாமரை' பத்திரிகையை நடத்தியவர். அவருடைய மகன் வண்ணதாசன், 1946இல் பிறந்தவர், கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதை எழுதுகிறவர். தகப்பனாரின் கொள்கை முழக்கத்தை மகனுடைய கவிதையில் தேடினால் கிடைக்காது. ஒரு பூ, ஒரு வாசற்படி, யாரோ ஒரு பெண் திரும்பிப் பார்த்த பார்வை, இவைதான் இருக்கும். அப்படியானால் வளர்ப்பு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். தி.க.சி.யைப் பற்றி எழுத்தாளர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. எங்கோ ஒரு மூலையில் யாரோ ஓர் இளைஞன் நல்ல கதை ஒன்று எழுதிவிட்டால் உடனே அவனுக்கு ஒரு தபால் அட்டை போய்விடும். அந்த வீட்டில் கடிதம் என்பது சுவாசம் மாதிரி. மகனுடைய கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று புத்தகமாகவே வந்தன. கல்யாண்ஜியின் கவிதைகளைப் படியுங்கள். ஒரு கூட்டத்துக்குச் சொல்வதாக எதுவும் இராது. எல்லாம் ஒரே ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் தொனியில் இருக்கும். பிள்ளைகள் பெற்றோரின் கொள்கைகளை எடுத்துக்கொள்வதைவிட அவர்களுடைய பழக்கங்களைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி மறுபக்கம். ஒரே காலம், வேறு வேறு வீடுகள். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பெண் கவிஞர்கள் பலர் ஒரே சமயத்தில் எழுந்தபோது பத்திரிகைகள் அவர்களை ஒரே கூட்டமாகக் கட்டி வைத்தன. உடலைப் பற்றி எழுதுகிறார்கள் என்று வசை பாடியவர்களும் கூட்டமாகத்தான் பாடினார்கள். வாழ்த்தியவர்களும் கூட்டமாகத்தான் வாழ்த்தினார்கள். அவர்களில் சல்மா 1968இல் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவம் வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டுக்குள் இருந்துகொண்டு, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவர். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வந்தது. சுகிர்தராணி 1973இல் லாலாப்பேட்டையில், தலித் குடும்பத்தில் பிறந்தவர். படித்துத் தமிழாசிரியை ஆனவர். 'கைப்பற்றி என் கனவு கேள்' 2002லும் 'இரவு மிருகம்' 2004லும் வந்தன.

இருவரும் உடலைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆனால் சல்மாவின் கவிதையில் ஓர் அறை இருக்கிறது. கதவு, ஜன்னல், படுக்கை, சுவர், அந்தச் சுவருக்குள் மெதுவாகப் போகிற பொழுது. தாழ்ந்த குரலில், யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கவனத்துடன் பேசுகிற கவிதை அது. சுகிர்தராணியின் கவிதை வெளியே நிற்கிறது. ஊர், சேரி, காடு, மலை என்று அது நடந்து போகிறது. யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று பேசுகிறது. ஒருவருக்கு உடம்பு என்பது பூட்டி வைக்கப்பட்ட பொருள். இன்னொருவருக்கு அது ஊரார் தொடக்கூடாது என்று ஒதுக்கி வைத்த பொருள். ஒரே சொல்; இரண்டு வீடுகளிலிருந்து வரும்போது இரண்டு அர்த்தம். தலைமுறை என்ற சாக்கில் இவர்களை ஒன்றாகக் கட்டியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்கவே இல்லை.

இதே காலத்தில் நாகர்கோவிலிலிருந்து என். டி. ராஜ்குமார் எழுத வந்தார். பரம்பரையாக மந்திரச் சடங்குகள் செய்யும் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய கவிதையில் மந்திரவாதியின் உச்சாடனம் கேட்கிறது. பிச்சமூர்த்திக்குக் காலட்சேபம் எப்படியோ, இவருக்கு உச்சாடனம் அப்படி. அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இலக்கிய இயக்கங்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. அப்பாவின் தொழில் எழுப்பிய ஓசை பிள்ளையின் கவிதையில் வந்து நிற்பது மட்டும் மாறவில்லை.

இப்படிச் சொல்வதால் வளர்ப்பைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். பிரமிள் ஒருவர் போதும், இந்த வாதத்தை முறித்துப் போட. 1939இல் திருகோணமலையில் பிறந்து, இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே 'எழுத்து'வில் பெரியவர்களோடு சரிசமமாக வாதம் புரிந்தார். அண்டவெளியையும் அணுவையும் தமிழ்க் கவிதைக்குள் இழுத்து வந்தார். எந்த வீடு, எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் இதைக் கொடுத்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. மேதை என்பது அப்படி ஒரு கணக்கில் வராத சரக்கு. அதுவும் தவிர, மஹாகவியின் அளவெட்டியில் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்தார்கள். அத்தனை பேரும் கவிஞர்கள் ஆகிவிடவில்லை. வளர்ப்பு ஒருவனைக் கவிஞனாக்குவதில்லை. அவன் கவிஞனாக இருந்தால் எந்தக் குரலில் பேசுவான் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

இவ்வளவையும் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குடியிருக்கும் முத்தாபுதுப்பேட்டையை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆவடி என்றால் தெரியும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்த கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கும் ஊர். 2019இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர். அதன் ஓரமாக, விமானப்படை நிலையத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் பேட்டை. குவார்ட்டர்ஸில் ஒரு கதவு பஞ்சாபி பேசும், அடுத்த கதவு மலையாளம் பேசும், அதற்கடுத்தது தெலுங்கு. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு குடும்பம் கிளம்பிவிடும்.

அப்படி வளர்ந்த ஓர் இளைஞன் சென்ற ஆண்டு தன் கவிதை நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தான். தகப்பனார் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நோட்டு முழுக்க வரப்பும் வாய்க்காலும் பனைமரமும் களத்துமேடுமாக இருந்தன. பாட்டி சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் கேட்ட பாட்டாகவே தோன்றியது. "தம்பி, உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"சொந்த ஊர்னு கேட்டா அப்பாவோட ஊரைத்தான் சொல்லணும் சார். நான் அங்கே லீவுக்குத்தான் போயிருக்கேன்" என்றான்.

நோட்டின் கடைசியில் ஒரு பக்கம் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அவர்கள் வீட்டு மரப்பெட்டியைப் பற்றியது. பெட்டியின் மேல் தகப்பனாரின் பெயரும் நம்பரும், போக வேண்டிய ஊரின் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். மாற்றல் வந்ததும் பழைய ஊரின் மேல் கறுப்பை அடித்துப் புது ஊரை எழுதுவார்கள். வெயிலில் கறுப்பு உரிந்து பழைய ஊர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தலை நீட்டும். இதைத்தான் பத்துப் பன்னிரண்டு வரியில் எழுதியிருந்தான். நோட்டிலேயே உயிருள்ள பக்கம் அது ஒன்றுதான்.

"இதை ஏன் அடித்தாய்?"

"இதுல கவிதை மாதிரி ஒண்ணும் இல்லையே சார்."

கவிதை மாதிரி! நான் அஞ்சுவது இந்த மூன்றெழுத்து 'மாதிரி'க்குத்தான். அவனுக்கு யார் இந்த மாதிரியைக் கொடுத்தார்கள்? நெல்லைக்காரர்களும் கொங்குநாட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து உண்மையாக எழுதினார்கள். அவை நல்ல கவிதைகளாக அமைந்தன. பிறகு வந்தவர்கள் அவற்றில் இருந்த உண்மையை விட்டுவிட்டுப் பனைமரத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆவடியில் வளர்ந்த பையன் தான் ஏறாத மரத்தின் நிழலில் உட்கார்ந்து ஏங்குகிறான். தான் இருபது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட பெட்டியை அடித்துப் போடுகிறான்.

அவனுக்குத் தமிழ் தெரியாது என்று என் நண்பர்கள் சொல்வார்கள். பள்ளியில் அவன் அதிகம் படித்தது இந்தியும் ஆங்கிலமும்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ராஜஸ்தானத்திலோ அஸ்ஸாமிலோ ஒரு குவார்ட்டர்ஸில் அந்தக் குழந்தைக்குத் தமிழ் என்பது ஒரே ஒருத்தியின் வாயிலிருந்து வந்த மொழி. தாயார் கொஞ்சியது தமிழ், திட்டியது தமிழ், ராத்திரி தனியாக அழுதபோது தனக்குள் சொல்லிக்கொண்டதும் தமிழ். கடைத்தெருத் தமிழ் அவனுக்கு இல்லை. கோயில் தமிழ் இல்லை. மேடைத் தமிழ் இல்லை. சொற்கள் சில நூறுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரே முகம் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்ட ரகசிய பாஷையாகத் தமிழைக் கேட்டு வளர்ந்த கவிஞன் நம் இலக்கியத்தில் இதுவரை எத்தனை பேர்? அந்தக் காதிலிருந்து எழுதினால் நமக்குக் கிடைக்கக்கூடியது ஒரு புதிய தமிழ். அதை அவன் நமக்குக் கொடுக்காமலே போய்விடக்கூடும். நாம் கேட்டது பனைமரத்தை. அவனும் பனைமரத்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இதில் வாசகர்களாகிய உங்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் பாதிப்பேராவது இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களாக இருப்பீர்கள். அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அடுக்கு வீடுகளில் வளரும் உங்கள் பிள்ளைகளில் ஒருவன் நாளைக்குக் கவிதை எழுதலாம். அவனுக்காக நீங்கள் இலக்கணப் புத்தகம் வாங்கி அடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனை உங்கள் தமிழில் திட்டுங்கள். உங்கள் தமிழில் கதை சொல்லுங்கள். மின்சாரம் போன ராத்திரியில் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ஆனால் உங்கள் ஊரைப் பற்றி அவன்தான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவன் ஊர் வேறு.

புதிதாக ஒரு கவிஞரின் முதல் தொகுதி கைக்கு வந்தால், இது பாரதி மாதிரி இருக்கிறதா, பிச்சமூர்த்தி மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு மாலைப்பொழுதுக்கு ஒத்திவையுங்கள். உரக்க ஒரு தடவை படியுங்கள். யார் வீட்டுச் சத்தம் கேட்கிறது என்று கவனியுங்கள். இரவல் வீட்டுச் சத்தமாக இருந்தால் தயங்காமல் கீழே வைத்துவிடலாம். சொந்த வீட்டுச் சத்தம் ஒரு பக்கத்திலாவது கேட்டால், அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்து அந்தக் கவிஞருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். அடிக்கப்பட்ட பக்கத்தைக் கிழித்துத் தனியாக எழுதிக் கொண்டு வரும்படி நான் அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொண்டு வரவில்லை. காத்திருக்கிறேன்.